அமெரிக்க வீட்டுக்குள் துப்பாக்கி வந்த வழி

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39.3 கோடி என்று ஜெனீவாவிலிருந்து இயங்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' 2017ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணித்தது. நூறு பேருக்கு 120. பள்ளிக்கூடத்திலோ கடைவீதியிலோ யாரோ கூட்டத்தைப் பார்த்துச் சுட்ட செய்தி வரும்போதெல்லாம் ஒரு விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது: அவர்கள் காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள், எல்லைப்புற வாழ்க்கைக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இந்த விளக்கம் போதாது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேற்றம் இப்படித்தான் நடந்தது. அங்கும் பூர்வகுடிகளின் நிலம் பறிக்கப்பட்டது, அங்கும் பண்ணைக்குப் பண்ணை துப்பாக்கி இருந்தது. ஆனால் அது அந்த நாடுகளில் தேசிய அடையாளமாக மாறவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தது அரசின் கட்டளை. அதை மலிவாக்கியது அரசுப் பணத்தில் வளர்ந்த ஆலைகள். அதை ஆசைப்படும் பொருளாக்கியது வாங்க ஆள் தேடிய வியாபாரம். தனிமனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008இல்தான். இந்த வரிசை தெரியாமல் அங்கே நடக்கும் சண்டை புரியாது.

ஆறு மாதத்துக்குள் வாங்கிவிட வேண்டும்

இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளப் படை மீது நம்பிக்கை கிடையாது. அரசன் சொன்னால் அந்தப் படை சொந்த மக்கள் மீதே பாயும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பட்டு அறிந்தவர்கள் அவர்கள். 1689இன் ஆங்கிலேய உரிமைச் சாசனம், புராட்டஸ்டண்டுக் குடிமக்கள் தங்கள் நிலைக்கு ஏற்ற ஆயுதத்தைச் சட்டம் அனுமதிக்கும் அளவில் வைத்துக்கொள்ளலாம் என்றது. மதம், அந்தஸ்து, சட்டம் என்று மூன்று வேலிகள் அதற்குள்ளேயே இருந்தன. படைக்கு மாற்றாக அவர்கள் நம்பியது ஊர் ஆண்களைக் கொண்ட மிலிஷியா என்ற குடிப்படை. குடிப்படை என்றால் ஒவ்வொருவனும் ஆயுதத்தோடு வர வேண்டும். வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் 1619லேயே, ஆயுதம் தாங்குவோர் ஞாயிறு வழிபாட்டுக்கு வரும்போது துப்பாக்கியும் வெடிமருந்தும் குண்டும் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது.

இந்த மரபின் முழு வடிவம் 1792 மே மாதம் இயற்றப்பட்ட குடிப்படைச் சட்டம். 18 வயது நிரம்பி 45 வயதுக்கு உட்பட்ட, உடல் திடமுள்ள, அடிமையல்லாத ஒவ்வொரு வெள்ளை ஆணும் பெயர் பதிவான ஆறு மாதத்துக்குள் தன் செலவில் வாங்க வேண்டியவற்றை அது பட்டியலிட்டது. நல்ல மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கி ஒன்று, அதன் முனையில் செருகும் ஈட்டிக்கத்தி, அதற்கான வார், இரண்டு உபரிச் சிக்கிமுக்கிக்கல், முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டா கொள்ளும் பெட்டியுள்ள பை. ரைபிள் வைத்திருப்பவன் என்றால் 20 குண்டும் கால் பவுண்டு மருந்தும், மருந்து வைக்கக் கொம்பும் போதும். ஐந்து ஆண்டுக்குள் மஸ்கட்டுகளின் குழல், பவுண்டுக்கு 18 என்ற கணக்கில் வார்த்த குண்டு போகும் அளவுக்கு மாற வேண்டும் என்றும் இருந்தது. அதாவது ஒரு குண்டு சுமார் 25 கிராம் ஈயம். விடுதலைப் போரில் பிரான்சு அனுப்பிய மஸ்கட்டுகளின் அளவு அது. பல மாநிலத்து ஆட்கள் ஒரே களத்தில் நிற்கும்போது ஒருவன் தோட்டா மற்றவன் குழலில் போக வேண்டும் என்பதே நோக்கம்.

பட்டியல் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பது அந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் தெரியும். விசையை இழுத்ததும் சுத்தியின் வாய் கவ்வியிருக்கும் சிக்கிமுக்கிக்கல் எதிரே உள்ள எஃகுத் தகட்டை உரசும். பொறி கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் இட்ட மருந்தில் விழும். அது பற்றி, குழலின் பக்கத்துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போகும். காற்றில் ஈரம் இருந்தால் கிண்ண மருந்து பற்றாது. துளையில் கரி அடைத்திருந்தால் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து, குண்டு அப்படியே கிடக்கும். கல்லின் முனை சில பத்துச் சுடுதலில் மழுங்கிவிடும். 24 தோட்டாவுக்கு இரண்டு உபரிக் கல் கேட்டதன் காரணம் அது. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம், ஆனால் வழவழப்பான குழல் என்பதால் நூறு கெஜத்துக்கு அப்பால் ஒருவனைக் குறிவைத்துப் பயனில்லை.

ரைபிளின் குழலுக்குள் திருகுவரிகள் உண்டு. குண்டைக் கொழுப்புத் தடவிய துணித்துண்டில் பொதிந்து இறுக்கித் தள்ளினால், வெளியேறும்போது அது சுழன்று நேராகப் போகும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் தங்கள் ஊரின் குட்டை ரைபிளை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டி, குழலின் அகலத்தைக் குறைத்தார்கள். ஈயமும் மருந்தும் கடையில் வாங்கித் தூக்கிக்கொண்டு பல நாள் நடக்கும் வேட்டைக்காரனுக்கு அது மிச்சம். சட்டம் கேட்ட கால் பவுண்டு மருந்தை 20ஆல் வகுத்தால் ஒரு சுடுதலுக்கு ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் குண்டை இறுக்கித் தள்ள நேரம் பிடிக்கும், ஈட்டிக்கத்தி மாட்ட முடியாது. போர்க்களத்தில் அணி நின்று மோதுவதற்கு அது ஒத்துவரவில்லை.

சட்டம் போட்டதால் எல்லோரும் வாங்கிவிடவில்லை. குடியேற்றக் கால இறப்புச் சொத்துப் பட்டியல்களைப் பார்த்தால் ஆண்களின் பட்டியல்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி இருக்கிறது. அது பெரிய விகிதம்தான். ஆனால் அவற்றில் பல வேட்டைக்கும் பயிரைக் காக்கவும் வைத்திருந்த பழைய துப்பாக்கிகள். அணிவகுப்பு நாளில் வெறுங்கையோடு வந்தவர்களும், சோளத்தட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சொந்தக் காசில் வாங்கச் சொல்வது நடக்காது என்று புரிந்து, 1808இல் மத்திய அரசு குடிப்படைக்கு ஆயுதம் வாங்கித்தர ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் ஒதுக்கத் தொடங்கியது.

அதே காலத்தில் கட்டுப்பாடும் இருந்தது. இன்று இரு தரப்பும் மறந்துபோகும் விஷயம் இது. பாஸ்டனில் வீட்டுக்குள் மருந்து கெட்டித்த துப்பாக்கி வைத்திருப்பதை 1783இல் தடை செய்தார்கள், தீப்பிடித்தால் அணைக்கப் போகிறவன் சாவான் என்பதால். நியூயார்க் நகரில் 1784ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் 28 பவுண்டு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதையும் நான்காகப் பிரித்துக் கல்ஜாடியிலோ தகர டப்பாவிலோ வைக்க வேண்டும்.

யாருக்கு ஆயுதம் கூடாது என்பதிலும் சட்டம் தெளிவாக இருந்தது. தென் மாநிலங்களில் குடிப்படையின் அன்றாட வேலை அந்நியப் படையை எதிர்ப்பதல்ல, அடிமைகளைக் கண்காணிப்பது. இரவு ரோந்து போவதும், குடிசைகளைச் சோதிப்பதும், சீட்டு இல்லாமல் நடமாடுபவரைப் பிடித்து அடிப்பதும் அந்த வேலை. வெள்ளையர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் துப்பாக்கி கொண்டுபோக வேண்டும் என்று தென் கரோலினா 1739 ஆகஸ்டில் சட்டம் போட்டது. அடுத்த மாதமே ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் ஒரு கடையை உடைத்து, துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அச்சம் இன்னும் இறுகியது. துப்பாக்கி வெள்ளையனின் குடியுரிமைக்கு அடையாளமாகவும், கறுப்பர் கையில் அது குற்றமாகவும் ஆனது இங்கேதான். எல்லைப்புறக் கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த, அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். சுதந்திர மாநிலத்தின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை அவசியம் என்று தொடங்கி, மக்கள் ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் உள்ள உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது அது. மத்திய அரசு தங்கள் குடிப்படையைக் கலைத்துவிடுமோ என்ற மாநிலங்களின் பயத்துக்கான பதில் அது. முதல் பாதி இரண்டாம் பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, வெறும் முகவுரையா என்பதில்தான் பிற்காலத்து வழக்குகள் எல்லாம் நிற்கின்றன.

ஆலைக்கு வாடிக்கையாளர் வேண்டும்

பழைய முறையில் ஒரு கொல்லர் பூட்டு என்ற சுடும் அமைப்பு, விசை, குழல், கட்டை எல்லாவற்றையும் அரத்தால் ராவி ஒன்றோடொன்று பொருத்துவார். ஒரு வில் (ஸ்பிரிங்) ஒடிந்தால் அந்தத் துப்பாக்கிக்கென்று இன்னொன்று அடிக்க வேண்டும், பக்கத்துத் துப்பாக்கியின் வில் சேராது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அரசு தொடங்கிய ஆயுதசாலை 1795இல் முதல் ஆண்டில் செய்தது 245 மஸ்கட்டுகள்தான். பருத்தி விதை நீக்கும் இயந்திரத்தால் புகழ்பெற்ற ஈலை விட்னி, ஒன்று 13.40 டாலர் வீதம் 10,000 மஸ்கட்டுகளை இரண்டு ஆண்டில் தருவதாக 1798இல் ஒப்பந்தம் எடுத்தார். கடைசி மஸ்கட் வந்து சேர்ந்தது 1809இல். எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்ற வாக்குறுதியை அவர் நிறைவேற்றியதாக இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன, அது சரியல்ல.

அதைச் சாதித்தவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் வேலை செய்த ஜான் ஹால். 1820களில் தன் ரைபிளுக்கு அவர் பாகம் பாகமாக அளவுக் கருவிகள் செய்துவைத்தார். முக்கியமான சூட்சுமம், ஒவ்வொரு அளவையும் பாகத்தின் ஒரே புள்ளியிலிருந்து எடுப்பது. முந்தைய வெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் பாகம் பொருந்தாமல் போகும். அதே காலத்தில் தாமஸ் பிளான்சார்ட் மரக்கட்டைக்கு ஒரு கடைசல் இயந்திரம் செய்தார். இரும்பில் செய்த மாதிரிக் கட்டையின் மேல் ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போக, அதன் அசைவை அப்படியே பின்பற்றி வெட்டும் சக்கரம் மரத்தைச் செதுக்கும். கைதேர்ந்த தச்சன் தேவையில்லை. இந்தச் செலவையெல்லாம் தாங்கியது ராணுவம். லாபம் பார்க்கும் எந்தத் தனியாரும் இருபது ஆண்டு பொறுத்திருக்க மாட்டார். 1840களில் ஸ்பிரிங்ஃபீல்டின் மஸ்கட்டுகள் முழுவதும் மாற்றிப் பொருத்தக்கூடியவை ஆயின. 1851 லண்டன் கண்காட்சியில் வெர்மாண்ட் மாநிலத்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் கம்பெனியின் ரைபிள்களைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு, என்ஃபீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களையே வாங்கியது.

இப்படிப்பட்ட ஆலைக்கு ஒரு சங்கடம் உண்டு. இயந்திரத்தில் போட்ட முதல் பெரியது, போர் முடிந்தால் ராணுவ ஆர்டர் நின்றுவிடும், இயந்திரம் சும்மா நிற்கும். சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கிக்கு வாங்குவோர் இல்லாமல் அவருடைய நியூஜெர்சி ஆலை 1842இல் மூடப்பட்டது. மெக்சிகோவுடன் போர் வந்த பிறகுதான் 1,000 துப்பாக்கிக்கு அரசு ஆர்டர் கிடைத்தது. 1847இல் வந்த அந்த 'வாக்கர்' ரிவால்வர் இரண்டு கிலோ எடை. உருளையின் ஒவ்வொரு அறையும் 60 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 4 கிராம் மருந்து கொள்ளும். அக்கால இரும்புக்கு அது தாங்கவில்லை, சில உருளைகள் சிப்பாய்களின் கையிலேயே வெடித்தன. ஓர் அறை வெடிக்கும்போது தீ பக்கத்து அறைகளுக்குத் தாவாமல் இருக்க அறை வாய்களில் கொழுப்பு அப்ப வேண்டியிருந்தது. கோல்ட் குறைகளைத் திருத்தினார், 1855இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய ஆலை எழுப்பினார். பொறி வேலைப்பாடு செய்த துப்பாக்கிகளைத் தளபதிகளுக்கும் அரசர்களுக்கும் பரிசளித்தார், தன் துப்பாக்கி வரும்படி படங்கள் வரையச் சொல்லி ஓவியருக்குப் பணம் கொடுத்தார். துப்பாக்கி விளம்பரம் என்ற கலைக்கு அவர்தான் ஆரம்பம்.

வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போர் உற்பத்தியை எங்கோ கொண்டுபோனது. ஸ்பிரிங்ஃபீல்டு மட்டும் 1864இல் இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்தது. போர் முடிந்ததும் ராணுவம், வீடு திரும்பும் வீரர்கள் தங்கள் ஆயுதத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 1865 மே மாதம் உத்தரவிட்டது. மஸ்கட் 6 டாலர், ஸ்பென்சர் கார்பைன் என்ற குட்டை ரைபிள் 10 டாலர், மற்ற கார்பைனும் ரிவால்வரும் 8 டாலர். நாடெங்கும் போர்த் துப்பாக்கி வீடு சேர்ந்தது இப்படி. உருளையை முழுக்கத் துளைத்து உலோகத் தோட்டாவைப் பின்னாலிருந்து போடும் முறைக்கு ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி வைத்திருந்த காப்புரிமை 1869இல் காலாவதியாகவே, சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவுக் கைத்துப்பாக்கிகளைப் பல ஆலைகள் கொட்டத் தொடங்கின. தபாலில் வீட்டுக்கே வந்தன.

அப்படியும் உள்நாட்டுச் சந்தை போதவில்லை. சட்டை வியாபாரியாக இருந்து துப்பாக்கிக்கு வந்த ஆலிவர் வின்செஸ்டரின் கம்பெனியைத் தாங்கியது ஓட்டோமான் துருக்கியின் பெரிய ஆர்டர். வெளிநாட்டு ஆர்டர்கள் வற்றியபோது துப்பாக்கி ஆலை நடத்திய ரெமிங்டன் குடும்பம் தன் டைப்ரைட்டர் பிரிவை விற்று, 1886இல் கடன்காரர்களிடம் ஆலையை இழந்தது. எஞ்சியவர்கள் உள்ளூர் வீடுகளை நோக்கித் திரும்பினார்கள். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று வின்செஸ்டர் 1873 மாடலைப் பற்றி எல்லோரும் அறிந்த வாசகம், அந்த மேற்கு அடங்கிப் பல ஆண்டு கழித்து, 20ஆம் நூற்றாண்டில் வந்த விளம்பரம். முதல் உலகப் போர்க் காலத்தில் அதே கம்பெனி 10 முதல் 16 வயதுப் பையன்களைக் குறிவைத்து விற்பனைத் திட்டம் போட்டது.

மேற்கு உண்மையில் எப்படி இருந்தது

விளம்பரம் காட்டிய மேற்கில் எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி. கேன்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியின் தெருவில் நின்ற பலகையோ துப்பாக்கி ஏந்துவது கண்டிப்பாகத் தடை என்றது. விச்சிடாவில் ஊருக்குள் வருபவர் ரிவால்வரைக் காவல் நிலையத்தில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அரிசோனாவின் டூம்ஸ்டோன் 1881 ஏப்ரலில் தன் 9ஆம் எண் விதியில் ஊருக்குள் ஆயுதம் ஏந்துவதைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் மோதல், காவலர்கள் அந்த விதியை அமல்படுத்தப் போனதில் வெடித்தது. கால்நடை வியாபாரம் நடக்க வேண்டும், வெளியூர்க்காரன் பயமின்றிப் பணம் செலவழிக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவுதான் இந்த விதிகளுக்குக் காரணம்.

தெற்கில் நடந்தது வேறு. விடுதலை பெற்ற கறுப்பர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதை மிசிசிப்பி 1865இல் குற்றமாக்கியது. லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873 ஈஸ்டர் ஞாயிறன்று வெள்ளையர் கும்பல் கறுப்பர்கள் பல பத்துப் பேரைக் கொன்றது, சரணடைந்தவர்களையும் சேர்த்து. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1876இல் சொன்ன தீர்ப்பு, இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது. கறுப்பரின் ஆயுதத்தைத் தனியார் கும்பல் பறித்தால் அந்தத் திருத்தத்தில் புகலிடம் இல்லை.

சுடப் பழக்கும் சங்கம் அரசியல் கட்சி போல ஆனது

உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய சுமார் 27,000 துப்பாக்கிகளில் 24,000 மருந்து கெட்டித்தபடியே கிடந்தன, அவற்றில் பாதியில் இரண்டு முறை கெட்டித்திருந்தது என்று அக்காலக் கணக்கு சொல்கிறது. பதற்றத்தில் சுட்டதாக நினைத்து மேலும் மேலும் திணித்திருக்கிறார்கள். சிப்பாய்க்குச் சுடத் தெரியவில்லை என்ற இந்தக் கவலையில்தான் வடபடை அதிகாரிகளாக இருந்த வில்லியம் சர்ச்சும் ஜார்ஜ் விங்கேட்டும் 1871இல் நியூயார்க்கில் தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாநில அரசுப் பணத்தில் லாங் ஐலண்டில் சுடுதளம் அமைந்தது. ரைபிள் கழகங்களுக்கு உபரி ராணுவ ரைபிள்களை விற்க 1905இல் சட்டம் வந்தது. கையில் ஆயுதம் சேர்த்ததில் அரசின் பங்கு 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது என்பதற்கு இது சான்று.

அந்தச் சங்கம் நெடுங்காலம் கட்டுப்பாட்டுக்கு முழு எதிரியாக இருக்கவில்லை. மதுவிலக்குக் காலக் கும்பல்களின் இயந்திரத் துப்பாக்கி மீது 1934இல் 200 டாலர் வரி வந்தபோது (அத்துப்பாக்கியின் விலைக்கே ஏறக்குறைய சமமான வரி அது) சங்கம் எதிர்த்தது அதில் கைத்துப்பாக்கியையும் சேர்ப்பதை மட்டுமே. கைத்துப்பாக்கி அந்தச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று கைத்துப்பாக்கி பெருகியிருப்பதற்கு அந்த ஒரு நீக்கம் பெரிய காரணம். ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலிய ராணுவ உபரி ரைபிளை ஆஸ்வால்டு 1963 மார்ச்சில் 19.95 டாலருக்குத் தபாலில் வரவழைத்தார், அந்த விளம்பரம் வந்தது சங்கத்தின் பத்திரிகையில். 1967 மே மாதம் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பர் அமைப்பினர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளுக்குப் பிறகு தபால் விற்பனையை மத்திய சட்டம் முடித்துவைத்தது.

திருப்பம் 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த சங்கக் கூட்டம். அரசியலை விட்டு வேட்டை, சுடுபயிற்சி, இயற்கைப் பாதுகாப்புக்குத் திரும்ப விரும்பிய தலைமையை உறுப்பினர்கள் ஒரே இரவில் வீழ்த்தி ஹார்லன் கார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். அதன் பின் சங்கத்தின் ஒரே மந்திரம் இரண்டாவது திருத்தம். மறைத்து ஏந்த அனுமதி கேட்டால் தகுதியுள்ளவருக்கு மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1987இல் ஃபுளோரிடாவில் வந்து மாநிலம் மாநிலமாகப் பரவியது. 1999இல் துப்பாக்கி வைத்திருப்போரில் 49 சதவீதம் பேர் வேட்டையைத் தலையாய காரணமாகச் சொன்னார்கள், தற்காப்பைச் சொன்னவர்கள் 26 சதவீதம். பியூ ஆய்வு நிறுவனம் 2023இல் கேட்டபோது 72 சதவீதம் பேர் தற்காப்பை முக்கியக் காரணம் என்றார்கள். 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலைகள். தற்காப்புக்கென்று வைத்த பொருள் வீட்டுக்குள்ளேயே எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை யோசிக்க வைக்கும் எண் இது.

2008இல் ஹெல்லர் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைப்பது குடிப்படையோடு தொடர்பில்லாத தனிமனித உரிமை என்றது. 2010இல் அதை மாநிலங்களுக்கும் விரித்தது. 2022இல் புரூயன் வழக்கில் புதிய அளவுகோல் வைத்தது: இன்று ஒரு கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால், நாட்டின் வரலாற்று மரபில் அதை ஒத்த கட்டுப்பாடு இருந்ததென்று அரசு காட்ட வேண்டும். அதிலிருந்து நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் பழைய வெடிமருந்துக் கிடங்கு விதிகளையும் மேற்கத்திய ஊர் விதிகளையும் தோண்டி எடுத்து வாதாடுகிறார்கள். மேற்கின் விதிகளை, அங்கே வாழ்ந்தவர்கள் நாட்டு மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கு என்று சொல்லி புரூயன் தீர்ப்பே தள்ளிவிட்டது. 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையுத்தரவு உள்ளவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிப்பது செல்லும் என்று 8க்கு 1 எனத் தீர்ப்பானது. மிரட்டித் திரிபவனிடம் அமைதி காப்பதாக ஜாமீன் எழுதி வாங்கிய பழைய சட்டங்களும் அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டன.